கீழாநெல்லி பேரில் ஒரு நானோ துகள்: எலியின் கல்லீரல் என்ன சொல்கிறது?

வடசென்னையில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால், ரத்தப் பரிசோதனைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் யாராவது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்திருப்பார்கள். கல்லீரல் என்றால் கீழாநெல்லி என்று அவ்வளவு ஊறிப்போன பழக்கம். அதனால் 'கீழாநெல்லிச் சாற்றில் தயாரித்த துத்தநாக ஆக்சைடு நானோ துகள் எலிகளின் கல்லீரலுக்குப் பாதுகாப்பானது' என்ற மாதிரி ஒரு தலைப்பைப் பார்த்தால், உள்ளே ஒரு வரி படிக்காமலேயே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது. வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பலர் புராஜெக்டுக்கு இந்த மாதிரி வேலையைத்தான் எடுக்கிறார்கள். இலைக்குச் செலவில்லை, பாரிமுனைக்குப் போனால் துத்தநாக உப்பு கிடைக்கும், பெரிய கருவியும் தேவையில்லை. அப்புறம் வீட்டில் கேள்வி வரும்: "அப்போ இதைச் சாப்பிடலாமா?"

என்னைக் கேட்டால், இலையில் செய்தது என்பது அந்தத் துகள் எப்படிப் பிறந்தது என்பதை மட்டும் சொல்கிறது. உடம்புக்குள் போன பிறகு அது என்ன செய்யும் என்பதற்குத் துகளின் அளவு, அது கரையுமா கரையாதா, எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வழியாகக் கொடுத்தார்கள் என்று வேறு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

நானோ துகள் என்றால் பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள பொடி. நம் ரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 7,000 நானோமீட்டர். 50 நானோமீட்டர் துகளை வரிசையாக வைத்தால் ஒரு சிவப்பணுவின் குறுக்கே 140 துகள்கள் அடங்கும். பொருள் இவ்வளவு சிறிதாகும்போது, அதே எடைக்கு மேற்பரப்பு மிக அதிகமாகிவிடும். வேதிவினை நடப்பது மேற்பரப்பில்தான். அதனால் கலமைன் லோஷனில் இருக்கும் சாதாரண துத்தநாக ஆக்சைடும் அதன் நானோ வடிவமும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் வேகத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இலைச்சாறு உண்மையில் என்ன வேலை செய்கிறது

செய்முறை எளிது. இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, தண்ணீரில் காய்ச்சி வடிகட்டுவார்கள். வடிநீரைச் சூடாக வைத்துக் கலக்கிக்கொண்டே துத்தநாக நைட்ரேட் அல்லது அசிட்டேட் கரைசலை விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கி, வெளிர் மஞ்சள் கூழ் மாதிரி ஒன்று அடியில் படியும். அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரித்து, கழுவி, உலர்த்தி, கடைசியில் மஃபிள் உலை என்ற மூடிய மின் உலையில் 400 அல்லது 500 டிகிரியில் சில மணி நேரம் சுடுவார்கள். உலையைத் திறந்தால் வெள்ளையாக, அல்லது லேசான மஞ்சள் சாயலோடு மெல்லிய பொடி இருக்கும்.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, வெள்ளி நானோ துகள் செய்யும்போது இலையின் பாலிஃபீனால்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக மாற்றுகின்றன. அது ஒடுக்க வினை. துத்தநாக ஆக்சைடில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உப்பில் இருக்கும்போதும் துத்தநாகம் இரண்டு நேர்மின்னூட்டத்தோடுதான் இருக்கிறது, ஆக்சைடிலும் அப்படியேதான் இருக்கிறது. இலைச்சாற்றின் வேலை அயனிகளைப் பிடித்து வைப்பது, துகள் பெரிதாக வளராமல் சுற்றி மூடுவது, சுடும்போது எரிபொருளாவது. வெள்ளிக்கு எழுதின விளக்கத்தை ஆக்சைடுக்கும் அப்படியே ஒட்டிவிடுகிற கட்டுரைகள் நிறைய உண்டு.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். 500 டிகிரியில் இலைப் பொருள் பெரும்பாலும் எரிந்து போய்விடும். கீழாநெல்லியின் மருந்துச் சத்து என்று நாம் நினைப்பது அந்தச் சூட்டைத் தாங்காது. உலைக்குப் போகாமல் 60, 80 டிகிரியில் உலர்த்தின பொடியில் மேற்பூச்சு மிஞ்சியிருக்கலாம். ஆகவே ஒரு ஆய்வை எடுத்தால் நான் முதலில் தேடுவது இலையின் பெயரை இல்லை, கடைசியாகச் சுட்ட வெப்பநிலையை. 500 டிகிரி என்று இருந்தால், கீழாநெல்லியின் புகழ் அந்தப் பொடிக்குச் சேராது.

சித்த மருத்துவச் செந்தூரமும் பற்பமும் இப்படித்தானே, மூலிகைச் சாறு விட்டு அரைத்துப் புடம் போடுவார்களே என்று சிலர் கேட்பார்கள். மேலோட்டமாக ஒற்றுமை இருக்கிறது. ஆனால் அரைப்பு, புடங்களின் எண்ணிக்கை, கொடுக்கும் அளவு எல்லாம் வேறு. ஒன்றின் பாதுகாப்பை வைத்து இன்னொன்றுக்குச் சான்று கொடுக்க முடியாது.

ஏன் எல்லோரும் கல்லீரலைப் பார்க்கிறார்கள்

குடலில் உறிஞ்சப்படும் சத்து பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில் வருகிறது. உள்ளே சைனுசாய்டு என்ற நுண்ணிய ரத்த வழிகள். அவற்றின் சுவரில் ஒட்டிக்கொண்டு குப்ஃபர் செல்கள் காத்திருக்கும். கிருமி, செத்த சிவப்பணு, அந்நியத் துகள் எது வந்தாலும் விழுங்குவது இவற்றின் தொழில். உடம்பின் திசுக்களில் நிலையாக இருக்கும் விழுங்கு செல்களில் 80 முதல் 90 சதவீதம் கல்லீரலில்தான் இருக்கின்றன என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். 6 நானோமீட்டருக்கும் குறைவான துகள் என்றால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடலாம். அதைவிடப் பெரிதாக ரத்தத்துக்குள் வந்தால் கல்லீரலும் மண்ணீரலும்தான் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் குணத்தை மருத்துவமே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஃபெருமாக்சைட்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு நானோ துகள் மருந்துக்கு அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. கல்லீரலை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். குப்ஃபர் செல்கள் துகள்களை விழுங்குவதால் நல்ல கல்லீரல் படத்தில் கறுத்துவிடும். வேறு இடத்திலிருந்து பரவின புற்றுக்கட்டியில் குப்ஃபர் செல் கிடையாது. அது வெளுப்பாகத் தனித்துத் தெரியும். அந்த மருந்து பிறகு சந்தையிலிருந்து போய்விட்டது. ஆனால் உலோக ஆக்சைடு நானோ துகள் கல்லீரலில் சேர்ந்தாலே விஷம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு அது நல்ல உதாரணம். உள்ளே போன இரும்பை உடம்பு மெல்லக் கரைத்துத் தன் சொந்த இரும்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

எல்லா ஆக்சைடுக்கும் அந்தச் சலுகை இல்லை. துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும். இரைப்பையிலேயே ஒரு பங்கு கரைந்து அயனியாகிவிடும். மீதியை ஒரு செல் விழுங்கினாலும், செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் பை அமிலத்தன்மை உள்ளது, அங்கே கரையும். கொஞ்சமாக வந்தால் மெட்டல்லோதயோனின் என்ற புரதம் துத்தநாகத்தைக் கட்டிவைக்கும். ஒரேயடியாகக் கொட்டினால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும், அவற்றை அணைக்கும் குளூட்டதயோன் தீரும், செல் சவ்வின் கொழுப்பு கெட ஆரம்பிக்கும். தாமிர ஆக்சைடிலும் இதே கதைதான். செல் ஆய்வுகளில் பார்த்தால் கொஞ்சம் கடுமையான கதை.

டைட்டானியம் டை ஆக்சைடு நேர் எதிர். அது கரையவே கரையாது என்று சொல்லலாம். உடனடியாகப் பெரிய கேடு தெரியாது. ஆனால் குப்ஃபர் செல்லுக்குள் போனது அங்கேயே கிடக்கும். இதற்கு 14 நாள் ஆய்வு பத்தாது, மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். உணவில் வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் ஈ171 இந்தப் பொருள்தான். அது மரபணுவைப் பாதிக்காது என்று உறுதி சொல்ல முடியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் சொன்னது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடை செய்தது. பல வருஷம் சாதாரணமாகச் சாப்பிட்ட பொருள் அது.

துத்தநாகம் பூசின கால்வனைஸ் தகடு வெல்டிங் செய்பவர்களுக்குத் துத்தநாக ஆக்சைடு புதிதில்லை. மூடின பட்டறையில் அந்த வெள்ளைப் புகையை நாள் முழுக்க இழுத்தால் சாயங்காலம் குளிர்ஜுரம் வரும், ஓரிரு நாளில் போகும். அந்தப் புகையிலும் நானோ அளவுத் துகள்கள் இருக்கின்றன. பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. இது நுரையீரல் விவகாரம் என்பதால் இங்கேயே விட்டுவிடுகிறேன். ஆனால் எந்த வழியாக உள்ளே போகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று அந்த ஜுரம் காட்டுகிறது.

எலியில் என்ன செய்து பார்க்கிறார்கள்

இந்தியாவில் எலியைத் தொடுவதற்கு முன் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. அனுமதி எண் இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டிகள்தான் பெரும்பாலான ஆய்வுகளுக்கு அடிப்படை. 423 என்ற எண்ணுள்ளது ஒரே வேளை மருந்துக்கானது. படிக்கு மூன்று விலங்குகள், 5, 50, 300, 2000 மி.கி. என்று அளவுகள், எல்லாம் ஒரு கிலோ உடல் எடைக்கு. கொடுத்துவிட்டு 14 நாள் கவனிப்பார்கள். '2000 மி.கி. வரை பாதுகாப்பானது' என்று கட்டுரைகளில் அடிக்கடி வருவது இந்தச் சோதனையிலிருந்துதான். அதன் உண்மையான பொருள், ஒரே வேளை அவ்வளவு கொடுத்தும் எலிகள் சாகவில்லை என்பது. கல்லீரல் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. தினமும் 28 நாள் கொடுத்துப் பார்ப்பது 407. அதில் குறைந்தது மூன்று அளவுகள், கூடவே எதுவும் கொடுக்காத ஒரு குழு, ஒவ்வொரு குழுவிலும் ஐந்து ஆண், ஐந்து பெண். 90 நாள் என்றால் 408. கல்லீரலைப் பற்றிப் பேசவேண்டுமானால் 407-இலிருந்துதான் பேச்சே ஆரம்பிக்க வேண்டும்.

கடைசி நாளில் ரத்தம் எடுப்பார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் நம் ரிப்போர்ட்டில் வருகிற எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., அல்கலைன் பாஸ்படேஸ், பிலிருபின் எல்லாம்தான் எலிக்கும். எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி. செல் கிழிந்தால் ரத்தத்துக்குக் கசியும். எஸ்.ஜி.ஓ.டி. அப்படி நாணயமானது இல்லை. தசையிலும் இதயத்திலும் சிவப்பணுவிலும்கூட அது இருக்கிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் மேலே தேங்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சில குழாய்களில் அது ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்திருக்கும். ஊசியில் வேகமாக இழுத்ததாலோ குழாயைக் குலுக்கியதாலோ சிவப்பணு உடைந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சீரத்தில் எஸ்.ஜி.ஓ.டி. தானாக ஏறும். மனிதர்களிடமே இது நடக்கும்போது, எலியிடம் எடுக்கும் ஒன்றிரண்டு மில்லியில் இன்னும் சுலபமாக நடக்கும். எஸ்.ஜி.பி.டி. அப்படியே இருக்க எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் ஏறியிருந்தால், கல்லீரலைக் குற்றம் சொல்வதற்கு முன் சீரத்தின் நிறத்தைக் கேட்க வேண்டும். இன்னொன்று, எலியின் எண்ணை நம் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவோடு ஒப்பிடக் கூடாது. அதே நாளில், அதே கூண்டறையில் வளர்ந்த, எதுவும் கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ரத்தத்தைவிட நம்பகமானது கல்லீரலின் சீவல். ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஹீமடாக்சிலின் இயோசின் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். நல்ல கல்லீரலில் நடுவில் மையச் சிரை, அதிலிருந்து நாலாபக்கமும் வரிசை வரிசையாக ரோஸ் நிறச் செல்கள், ஒவ்வொன்றிலும் உருண்டையான ஊதா உட்கரு, வரிசைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைச் சந்துகள். அந்தச் சந்துகள்தான் சைனுசாய்டுகள். பாதிப்பு ஆரம்பித்தால் சந்து அகலமாகும், குப்ஃபர் செல்கள் தடித்து நிற்கும், கல்லீரல் செல்லுக்குள் வெற்றுக் குமிழிகள் வரும், போர்ட்டல் பகுதியைச் சுற்றி அழற்சிச் செல்கள் கும்பலாகச் சேரும். முற்றினால் உட்கரு சுருங்கிக் கறுத்து, செல் செத்துக் கிடக்கும். நொதி எண்கள் நார்மலாக இருந்து சீவலில் குமிழிகள் தெரிவது நடக்கக்கூடியதுதான். அதனால் குழுவுக்கு ஒரே ஒரு அழகான படம் போட்டு 'சாதாரணமாக உள்ளது' என்று எழுதினால் போதாது. எத்தனை எலிகளில் பார்த்தார்கள், எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் மதிப்பெண் போட்டாரா என்று இருக்க வேண்டும்.

இப்போது அளவு. 100 மி.கி. என்ற எண்ணைக் 'குறைந்த அளவுக் குழு' என்று போட்டிருப்பார்கள். அது ஒரு கிலோ எலிக்கு. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற, அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டி 6.2-ஆல் வகுக்கச் சொல்கிறது. சுண்டெலி என்றால் 12.3. நூறை 6.2-ஆல் வகுத்தால் 16 மி.கி. சொச்சம். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 970 மி.கி. துத்தநாக ஆக்சைடு. அதில் 80 சதவீதம் துத்தநாகம், ஆகவே சுமார் 780 மி.கி. ஒரு பெரியவர் நாளொன்றுக்கு உள்ளே எடுக்கக்கூடிய துத்தநாகத்தின் மேல் வரம்பு அமெரிக்கக் கணக்கில் 40 மி.கி. 'குறைந்த அளவு' அதைப்போல பத்தொன்பது மடங்குக்கும் மேல்! இந்த வகுத்தல் மருந்துகளுக்கான தோராய முறை, துகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் உதவும். அந்த அளவில் கல்லீரல் கெட்டது என்றால் உடனே பயப்பட வேண்டியதில்லை. அந்த அளவில் நன்மை செய்தது என்றால் அவ்வளவை யார் சாப்பிடுவது என்று கேட்கலாம்.

இரண்டு வகை ஆய்வைக் குழப்பிக்கொள்வது

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பெரிய குளறுபடி இதுதான். ஒரு வகை ஆய்வில் ஆரோக்கியமான எலிக்குத் துகளைக் கொடுத்து, கெடுதல் வருகிறதா என்று பார்ப்பார்கள். இன்னொரு வகையில் கார்பன் டெட்ராகுளோரைடோ அதிக அளவு பாராசிட்டமாலோ கொடுத்துக் கல்லீரலை முதலில் கெடுத்துவிட்டு, பிறகு துகளைக் கொடுத்து எஸ்.ஜி.பி.டி. இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கல்லீரலுக்குக் கொடுக்கும் சிலிமரின் என்ற மூலிகை மருந்து கொடுத்த குழு ஒன்று ஒப்பீட்டுக்கு இருக்கும். இரண்டாவது வகையில் எண் இறங்கியிருந்தால், அந்தக் குறிப்பிட்ட நஞ்சுக்கு எதிராக ஏதோ பலன் இருக்கிறது என்று அர்த்தம். அது பாதுகாப்புச் சான்று கிடையாது. கெட்டுப்போன கல்லீரலில் 300 இருந்தது 150 ஆனால் நல்ல சேதிதான். நல்ல கல்லீரலில் 40 இருந்ததை அதே துகள் 70 ஆக்குமா என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. நஞ்சு இல்லாமல் துகள் மட்டும் கொடுத்த குழு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பல கட்டுரைகளில் இருக்காது.

'ரசாயன முறையில் செய்ததைவிட இலையில் செய்தது பாதுகாப்பானது' என்ற வாக்கியத்துக்கு இன்னும் நிறைய குழுக்கள் வேண்டும். இரண்டு பொடிக்கும் அளவும் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 20 நானோமீட்டர், இன்னொன்று 90 என்றால் வித்தியாசம் இலையால் வந்ததா, அளவால் வந்ததா? மின்னணு நுண்ணோக்கியில் 30 என்று தெரிவது தண்ணீரில் கலந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி 300 ஆகியிருக்கலாம். எலி விழுங்கியது அந்த 300-ஐத்தான். இலைச்சாறு மட்டும் கொடுத்த குழுவும் வேண்டும்.

இவற்றோடு, அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று இருக்கிறது. இலைச்சாறு பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. சுடாமல் உலர்த்தின பொடியில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நஞ்சு ஒட்டியிருந்தால் குப்ஃபர் செல்கள் அதற்கே கொதித்தெழும், பழி துகளின் மேல் விழும். வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்ட ஆய்வில் இது பெரிய விஷயம். வாய் வழியாகக் கொடுத்ததில் அவ்வளவு இல்லை.

மீன் ஆய்வுகளையும் காட்டுவார்கள். ஜிலேபி மீனையும் வரிக்குதிரை மீனையும் வைத்து நிறையச் செய்திருக்கிறார்கள். நீரில் கரைந்த உலோகம் மீனுக்குள் செவுள் வழியாகவே போய்விடும். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு அந்த ஆய்வு பயன்படும், கேப்சூலைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு அவ்வளவாகப் பயன்படாது. மருந்தாகவே கொண்டுவர நினைத்தால், நானோ மருந்துகளை மதிப்பிட 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. இலையில் செய்ததற்கென்று அங்கே தனி வாசல் கிடையாது.

புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும். மேலே சொன்ன எல்லாக் குழுவையும் வைக்க உங்களுக்குப் பணமும் கூண்டும் இருக்காது, தெரியும். ஒரே ஒரு குழுவைக் கூட்ட முடியுமென்றால், உங்கள் துகளில் இருக்கிற அதே எடைத் துத்தநாகத்தைத் துத்தநாக சல்பேட்டாகக் கொடுக்கும் குழுவைக் கூட்டுங்கள். மருந்துக்கடை ஜிங்க் மாத்திரையில் இருக்கும் உப்புதான், விலை பெரிதில்லை. இரண்டு குழுவின் கல்லீரலும் ஒரே மாதிரி இருந்தால், நீங்கள் பார்த்தது கரைந்த துத்தநாகத்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு மாதிரி இருந்தால்தான் துகளைப் பற்றிப் பேச உங்களிடம் ஏதோ இருக்கிறது. கூடுதல் எலிகள் எதற்கு என்று நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கும். இந்தக் காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.